பெருந்திரையும் மிதிவெடியும்: திருநெல்வேலி உணவகம் ஒன்றில் மூன்று இரவுகள்

யாழ்ப்பாணத்தில் துடுப்பாட்டத்தையோ உதைபந்தாட்டத்தையோ கூட்டமாக இருந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு அதிக வழிகள் இருந்ததில்லை. ஊர்ச் சனசமூக நிலையத்தின் முற்றத்தில் வெள்ளைத் துணியைக் கட்டித் திரையாக்குவார்கள்; அல்லது வெளிநாட்டு உறவினர் வாங்கிக் கொடுத்த அகலத் தொலைக்காட்சி இருக்கும் வீட்டுக்கு ஏதாவது சாட்டுச் சொல்லிப் போவார்கள்; அதுவும் இல்லையென்றால் கைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துத் தனியே பார்ப்பார்கள். திருநெல்வேலிச் சந்தியிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், பழைய களஞ்சியம் ஒன்றைத் திருத்தி ஆரம்பித்திருக்கும் உணவகம் இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்திருக்கிறது. 2025 செப்டெம்பரில் ஆசியக் கிண்ணப் போட்டிகள் நடந்தபோது மூன்று இரவுகள் அங்கே இருந்தேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. குறைகள் சிலவற்றையும் சொல்ல இருக்கிறேன் என்பது ஒரு காரணம். இருப்பதே ஐம்பது கதிரைகள், பெயரைப் போட்டால் அடுத்த ஆட்டத்துக்கு எனக்கே இடம் கிடைக்காது என்பது மற்றைய காரணம்.

முதலில் திரை. சுவரில் வெள்ளைப் பூச்சு அடித்து அதன்மேல் புரொஜெக்டர் மூலம் படம் விழுத்துகிறார்கள். மேற்கூரை தகடு என்பதால் மழை பெய்தால் வர்ணனையாளர் சொல்லும் ஒரு சொல்லும் கேட்காது. ஆனால் நான் போன மூன்று நாட்களும் மழை இல்லை. படம் தெளிவு, நிறம் பரவாயில்லை, பந்தின் போக்கைப் பின்கதிரையிலிருந்தும் பின்தொடரலாம். குறை என்னவென்றால், ஒளிபரப்பை இணையத்தின் வழியே எடுக்கிறார்கள். பக்கத்து வீட்டில் செய்மதித் தட்டு இருக்கிறது. அவர்கள் வீட்டில் ஆரவாரம் கேட்டு ஏறத்தாழ அரை நிமிடத்துக்குப் பிறகுதான் எங்கள் திரையில் விக்கெட் விழும். பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கும்போதே முடிவு தெரிந்துவிடும். அண்ணையிடம் (கடைக்காரரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) இதைச் சொன்னபோது, "அவையளின்ர வீட்டுக்கும் மிதிவெடி குடுத்து விடுறன் தம்பி, வாய்க்குள்ள ஏதும் கிடந்தாக் கத்த மாட்டினம்" என்றார். கொடுத்தும் விட்டார் என்று பிறகு அறிந்தேன். பலன் எதுவும் இல்லை.

மின்சாரம் போனால் ஜெனரேற்றர் பத்து வினாடிக்குள் இயங்குகிறது. அதற்கு முழு மதிப்பெண்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதென்றால் மிதிவெடியிலிருந்து தொடங்குவதே நியாயம். வெளியூர் வாசகர்கள் பயப்பட வேண்டாம். உருளைக்கிழங்குப் பிரட்டலும் இறைச்சியும் அவித்த முட்டைத் துண்டும் உள்ளே வைத்து, மெல்லிய ரொட்டியால் சுற்றி, முட்டையில் தோய்த்து, தூளில் புரட்டிப் பொரித்தெடுக்கும் பெரிய றோல்ஸ்தான் அது. இந்த ஊர் கண்ட வெடிகளின் நினைவில் எவரோ வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. இங்கே ஒன்று 180 ரூபா. கடித்தவுடன் ஆவி கிளம்ப வேண்டும், மிளகு தொண்டையில் ஒரு கணம் நிற்க வேண்டும், முட்டை ஓரமாக ஒதுங்கி இருக்காமல் நடுவில் இருக்க வேண்டும். மூன்றும் இங்கே உண்டு. கோழிக் கொத்து 1,100 ரூபா. இருவர் பகிர்ந்து சாப்பிடலாம். ஆனால் கொத்துக்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள்: ஆட்டத்தின் கடைசி ஐந்து ஓவர்களில் கொத்து போட மாட்டார்கள். தகட்டில் இரும்பு விழும் ஓசை வர்ணனையை விழுங்கிவிடும் என்பதால் கொத்துப் போடுகிற தம்பியும் கத்திகளைத் தகட்டில் குறுக்காக வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்து நிற்பார். இந்த ஊரில் நான் கண்ட மிகச் சிறந்த வாடிக்கையாளர் சேவை இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

சட்டங்கள் வேறும் உண்டு. காசாளர் மேசைக்கு மேலே கையால் எழுதிய பலகை தொங்குகிறது. எந்த அணிக்கும் கத்தலாம். எவருடைய தாயையும் இனத்தையும் இழுக்கக் கூடாது. நல்ல ஆட்டத்துக்குக் கை தட்டினால் தட்டியவரை எவரும் கேலி செய்யக் கூடாது. தேசிய கீதங்கள் ஒலிக்கும்போது பரிமாறுவது நிறுத்தப்படும். எழுந்து நிற்பதும் நிற்காததும் அவரவர் விருப்பம், பேசாமல் இருப்பது எல்லோர்க்கும் பொது. இந்தக் கடைசி வரியை எழுத அண்ணை எவ்வளவு யோசித்திருப்பார் என்பது இங்கே வளர்ந்தவர்களுக்கு விளங்கும். 2016 சுதந்திர தின விழாவில் இலங்கையின் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. 2020 விழாவில் மீண்டும் சிங்களத்தில் மட்டும் பாடப்பட்டது. பாட்டு ஒன்றே என்றாலும் அது கேட்கும்போது கூடத்தில் இருக்கும் ஒவ்வொருவர் மனதிலும் ஓடுவது ஒன்றல்ல. எழுந்து நில் என்று அதட்டினால் நிற்பவருக்கும் அது மரியாதையாக இருக்காது.

பாதி ஆட்டத்தில் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு குப்பைப் பை வருகிறது. அண்ணை டோஹாவில் உணவு வழங்கும் நிறுவனம் ஒன்றில் பல வருடம் வேலை செய்தவர். 2022 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தின்போது, நவம்பர் 23 அன்று ஜப்பான் ஜேர்மனியை 2–1 என்று வென்ற பிறகு, கலிஃபா விளையாட்டரங்கில் ஜப்பானிய ரசிகர்கள் நீலப் பைகளை விரித்து வரிசை வரிசையாகக் குப்பை பொறுக்கியதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொல்கிறார். தங்கள் அணி விளையாடாத தொடக்க ஆட்டத்தின் பிறகும் அவர்கள் அதையே செய்தார்கள் என்பது அப்போது உலகம் முழுக்கச் செய்தியானது. நாட்டுப் பெருமையைக் கொடியால் காட்டுகிறவர்கள் உண்டு, கூச்சலால் காட்டுகிறவர்கள் உண்டு. பிறர் போட்ட வெற்றுக் கோப்பையைக் குனிந்து எடுத்துக் காட்டியவர்களை அண்ணை அங்கேதான் முதன்முதலில் பார்த்தாராம். இங்கே பை வந்தாலும் பாதிப்பேர் எலும்பை மேசையில்தான் வைக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நான் முதலில் போனது செப்டெம்பர் 14, ஞாயிறு; டுபாயில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. ஆட்டம் சுவை குறைந்தது. பாகிஸ்தான் 127 ஓட்டங்களே எடுத்தது. இந்தியா ஏழு விக்கெட்டுகளால் வென்றது. ஆனால் கூடம் அமைதியானது ஆட்டம் முடிந்த பிறகுதான். சிக்ஸர் அடித்து முடித்து வைத்த அணித்தலைவர் சூர்யகுமார் யாதவ், துணைக்கு நின்றவரோடு மட்டும் கைகுலுக்கிவிட்டு நேரே உடைமாற்றும் அறைக்கு நடந்தார். நாணயச் சுழற்சியின்போதும் அவர் எதிரணித் தலைவருக்குக் கை கொடுக்கவில்லை. பாகிஸ்தான் வீரர்கள் வரிசையில் காத்து நின்றார்கள். அடைத்த கதவு திறக்கவில்லை. ஏப்ரலில் பஹல்காமில் அப்பாவிகள் கொல்லப்பட்டதன் கோபம் அதன் பின்னால் இருந்தது என்பது உலகறிந்தது. கூடத்தில் இந்தியச் சட்டை போட்டிருந்த பெடியள் சிலர் முதலில் விசில் அடித்தார்கள். பிறகு, வரிசையில் நின்றவர்களின் முகத்தைக் கமரா ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட, விசிலும் நின்றுவிட்டது.

அன்று என்னோடு வந்திருந்த சித்தப்பா அறுபதைத் தொட்டவர். "உவை ரெண்டு பேரும் ஒரே பக்கம் நிண்டு விளையாடின காலத்தில இருந்தவன் நான்" என்றார். பக்கத்து மேசைப் பெடியன் நம்பவில்லை. சித்தப்பா சொன்னது உண்மை. 1996 ஜனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்த பிறகு, உலகக் கிண்ண ஆட்டங்களுக்குக் கொழும்பு வர அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மறுத்துவிட்டன. அப்போது இந்திய, பாகிஸ்தானிய வீரர்கள் ஓர் அணியாகச் சேர்ந்து பெப்ரவரி 13 அன்று பிரேமதாச அரங்கில் இலங்கையோடு ஒரு நட்பு ஆட்டம் ஆடினார்கள். அசாருதீன் தலைவர். களுவிதாரணவின் ஆட்டமிழப்பு, வசீம் அக்ரமின் பந்தில் டெண்டுல்கர் எடுத்த பிடியாகப் பதிவாகியிருக்கிறது. அந்த ஒரு வரியைப் பதிவேட்டில் பார்க்கும்போது இன்றைக்கு நம்ப முடியாமல்தான் இருக்கும். அந்தக் காலத்திலும் காஷ்மீர் அமைதியாக இருக்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் அதைப் பார்க்க வேண்டும். அந்தப் பெடியன் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, சித்தப்பாவுக்கு ஒரு பிளேன் ரீ வாங்கிக் கொடுத்தான்.

சுவர்ப் படங்களைப் பற்றியும் எழுத வேண்டும். இந்த உணவகத்துக்குப் போகிறவர்கள் ஆட்டம் தொடங்குமுன் அவற்றைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. வலைப்பந்தில் ஆசியாவுக்கே எட்டாத உயரத்தில் நிற்கும் தர்ஜினி சிவலிங்கம், 2018இல் சிங்கப்பூரில் கிண்ணத்தோடு இருக்கிறார். யாழ் மத்திய கல்லூரியிலிருந்து போய் 2024இல் ஹைதராபாத் அணிக்குப் பந்து வீசிய வியாஸ்காந்த் இருக்கிறார். முரளிதரன் கண்ணை உருட்டிக்கொண்டு இருக்கிறார். இவர்களுக்கு நடுவில் பழுப்பேறிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று, அதன் பக்கத்தில் பளிச்சென்ற வண்ணப்படம் ஒன்று; இரண்டும் உயரம் பாய்தல்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ் மத்திய கல்லூரியில் படித்தவர், ஹெல்சின்கி, மெல்பேர்ன் ஒலிம்பிக்குகளில் பாய்ந்தவர், 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கத்தை வாங்கிக் கொடுத்தவர். இதுவரை பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் கேட்ட கதை. அந்த விழா நடந்த நாட்களைப் பார்த்தால்தான் படம் கனக்கத் தொடங்கும். டோக்கியோவில் மே 24 தொடங்கி ஜூன் 1 வரை விழா. இலங்கையில் தமிழருக்கு எதிரான கலவரம் வெடித்தது அதே மே 22இல். இங்கே வீடுகள் எரிந்துகொண்டிருந்த அதே நாட்களில், அங்கே யாழ்ப்பாணத்தவர் ஒருவர் இலங்கையின் சட்டையோடு பாய்ந்து, இலங்கையின் கொடியைக் கம்பத்தின் உச்சிக்கு ஏற்றினார். அந்த வெற்றியை எவர் தங்கள் பெருமை என்று சொல்லலாம், எந்தப் பெருமை என்று சொல்லலாம் என்பதற்கு என்னிடம் சுருக்கமான விடை இல்லை. மிதிவெடி ஆறிப்போகும் வரை அந்தப் படத்தின் கீழே நின்றேன்.

பக்கத்து வண்ணப்படமும் டோக்கியோவே. ஆனால் 2021 ஆகஸ்ட் 1. கட்டாரின் பார்ஷிமும் இத்தாலியின் தம்பேரியும் 2.37 மீற்றரில் சமநிலையில் நின்றபோது, தொடர்ந்து பாய்ந்து ஒருவரைத் தெரிவு செய்யலாம் என்று அலுவலர் விளக்கத் தொடங்கினார். இரண்டு தங்கம் தர முடியுமா என்று பார்ஷிம் கேட்டார். முடியும் என்றதும் தம்பேரி அவர்மேல் தாவிக் கட்டிக்கொண்டார். காலில் காயம் பட்டு இருவருமே முன்பு நொந்தவர்கள், ஒருவர் வலி மற்றவருக்குத் தெரியும். தங்கத்தைப் பங்கிட்டதால் இரண்டு நாடுகளிலும் எவரும் வருத்தப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை. இந்த இரண்டு படங்களையும் அருகருகே மாட்டியது தற்செயலா என்று அண்ணையிடம் கேட்டேன். ஆணி அங்கேதான் இருந்தது என்றார்.

இரண்டாவது இரவு செப்டெம்பர் 26, வெள்ளி. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஆட்டம். அந்தத் திகதி யாழ்ப்பாணத்தில் சாதாரண நாளல்ல. 1987இல் திலீபன் நல்லூரில் உண்ணாவிரதமிருந்து உயிர்விட்ட நாள். நினைவேந்தலுக்குப் போய் வந்தவர்கள் பலர் அன்று இரவு வெளியே வரவே மாட்டார்கள். அண்ணை வாசலில் தொங்கும் நாடுகளின் சிறு கொடிகளை முதல் நாளே கழற்றிவிட்டார். வெளி ஒலிபெருக்கியும் இல்லை. ஆட்டம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் கூவவில்லை. இந்த நிதானத்துக்காகவே இந்தக் கடையை நான் மதிக்கிறேன்.

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஆட்டம் என்றால் எங்கள் ஊரில் ஒரு கூடத்துக்குள் நாலு நாடு இருக்கும். மொழிக்காகவும் சென்னைக்காகவும் தோனிக்காகவும் இந்தியாவோடு நிற்பவர்கள் ஒரு பக்கம்; முரளி ஆடிய அணி, பிறந்த மண்ணின் அணி என்று இலங்கையோடு நிற்பவர்கள் ஒரு பக்கம்; இலங்கை யாரிடம் தோற்றாலும் சரி என்று இருப்பவர்கள் இன்னொரு பக்கம், அவர்களுடைய காரணத்தை அவர்களிடம் கேட்டால் ஆட்டம் முடிந்தாலும் கதை முடியாது. நாலாவது, பல்கலைக்கழகத்தில் படிக்கும் தெற்கு மாணவர்கள். அன்று ஐந்து பேர் வந்து, கதவுக்குக் கிட்ட இருந்த மேசையைக் கேட்டு வாங்கி அமர்ந்தார்கள். கதவுக்குக் கிட்டவே அமர்ந்தார்கள் என்பது என் கண்ணில் பட்டது. நாங்கள் கொழும்பில் படித்த காலத்தில் ஆட்டம் பார்க்கப் போனால் அப்படித்தான் மேசை தேடுவோம்.

இந்தியா 202 ஓட்டங்கள் எடுத்தது. பதிலுக்கு ஆடிய இலங்கைக்குப் பத்தும் நிசங்கவும் குசல் பெரேராவும் ஆடிய ஆட்டம் எந்த அணிக்காரருக்கும் விருந்து. நிசங்க நூறைக் கடந்தபோது கதவோரத்து ஐவரும் பாதி எழுந்து, சுற்றிலும் பார்த்து, மீண்டும் இருக்கப் போனார்கள். அந்த நேரத்தில், முன்வரிசையில் 18ஆம் இலக்க இந்தியச் சட்டையோடு இருந்தவன் எழுந்து திரும்பி அவர்களைப் பார்த்துக் கை தட்டினான். பிறகு கூடமே தட்டியது. எல்லோரும் தட்டினார்கள் என்று சொன்னால் பொய். என் பின்னால் இருந்த இருவர் கையைக் கட்டிக்கொண்டே இருந்தார்கள், அதுவும் அவர்கள் உரிமை. முன்னதாக அதே மேசையை நோக்கி ஒருவர் ஒரு சொல்லை வீசியபோது அண்ணை வந்து, சத்தம் போடாமல், அவர் சாப்பிட்டு முடிக்காத தட்டை எடுத்துக்கொண்டு, காசைத் திருப்பி மேசையில் வைத்தார். சொன்னவர் எழுந்து போனார். பலகையில் எழுதியது எழுத்துக்கு மட்டும் அல்ல என்று அப்போது தெரிந்தது.

கடைசி ஓவரின் முதல் பந்தில் நிசங்க 107 ஓட்டங்களோடு ஆட்டமிழந்தார். "நூற்றேழு" என்று சித்தப்பா முணுமுணுத்தார். 1996 மார்ச் 17, லாகூர் இறுதியாட்டத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அரவிந்த டி சில்வா எடுத்ததும் ஆட்டமிழக்காமல் 107. அதை நாங்கள் பார்க்கவில்லை, கேட்டோம். வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு மாட்டுக்கொட்டிலோடு ஒட்டிய குடிலில் இருந்த காலம். மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை. சித்தப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லில் டைனமோவைச் சாய்த்து, அதிலிருந்து வானொலிக்கு வயர் கொடுத்திருந்தார். பெடலைக் கையால் சுற்றுவது சிறுவர்களான எங்கள் வேலை. உற்சாகத்தில் வேகமாகச் சுற்றினால் குரல் கிறீச்சிடும், பயத்தில் கை நின்றால் குரல் கிணற்றுக்குள் போய்விடும். எந்தப் படை எங்களைத் துரத்தியதோ அந்த நாட்டின் அணிக்காகவா சுற்றினோம் என்று பிறகு பலர் கேட்டிருக்கிறார்கள். அதில் முரளி இருந்தார். மூன்று மாதங்களுக்கு முன்னர்தான் மெல்பேர்னில் அவருடைய பந்தை எறிபந்து என்று நடுவர் ஏழு தடவை கை நீட்டியிருந்தார். எட்டு வயதில் எனக்கு அது போதுமாக இருந்தது.

கடைசிப் பந்தில் மூன்று தேவை, இரண்டு எடுத்தார்கள், சமநிலை. சுப்பர் ஓவரில் இலங்கை எடுத்தது இரண்டே ஓட்டங்கள். அதற்குள்ளும் ஒரு கலவரம்: அர்ஷ்தீப் சிங்கின் பந்தில் தசுன் சானக பிடிகொடுத்து ஆட்டமிழந்ததாக நடுவர் கை உயர்த்தினார், அதே வேளை விக்கெட் காப்பாளர் அவரை ஓட்டத்திலும் ஆட்டமிழக்கச் செய்தார், மீளாய்வில் பந்து மட்டையில் படவில்லை என்று தெரிந்தது, கடைசியில் அவர் இரண்டு வகையிலும் ஆட்டமிழக்கவில்லை என்றானது. ஏமாற்று என்று முன்வரிசை கொதித்தது. நடுவர் ஆட்டமிழப்பு என்று கை உயர்த்திய கணத்திலேயே பந்து செத்த பந்தாகிவிடும், அதன் பின் நடந்த ஓட்ட ஆட்டமிழப்பு கணக்கில் வராது என்று கதவோர மேசை மாணவி ஒருத்தி, சிங்களமும் ஆங்கிலமும் கொஞ்சம் தமிழும் கலந்து விளக்கினாள். 18ஆம் இலக்கம் முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, அப்ப அது அவுட் இல்லைத்தான்" என்று தன் கூட்டத்துக்கு மொழிபெயர்த்தான். அடுத்த பந்திலேயே சானக ஆட்டமிழந்ததால் விவாதமும் முடிந்தது. இந்தியாவுக்குத் தேவைப்பட்டது ஒரு பந்து.

அன்று திரையில் கடைசியாகப் பார்த்தது வேறொன்று. அந்தத் தொடர் நடந்துகொண்டிருந்தபோதே, ஆப்கானிஸ்தானுடனான ஆட்டநாளில், இலங்கைப் பந்துவீச்சாளர் துனித் வெல்லாலகேயின் தந்தை காலமாகியிருந்தார். அன்று அவருடைய ஓவரில் ஐந்து சிக்ஸர் அடித்த மொஹமட் நபி, ஆட்டம் முடிந்தபின் செய்தி கேட்டு அதிர்ந்து நின்ற காட்சியையும் பலர் பார்த்திருப்பீர்கள். இந்த இரவில், ஆட்டம் முடிந்த களத்தில் சூர்யகுமார் யாதவ் வெல்லாலகேயைத் தோளோடு அணைத்து ஆறுதல் சொன்னார். அதே டுபாய் மைதானம், அதே தொடர், பன்னிரண்டு நாட்களுக்கு முன்னர் கை கொடுக்காமல் நடந்த அதே மனிதர். ஆறுதல் சொல்லத் தெரியாத ஆள் அல்ல அவர். அந்தக் கை எங்கே நீளலாம், எங்கே நீளக் கூடாது என்பதைக் களத்துக்கு வெளியே இருந்தவர்கள் தீர்மானித்திருந்தார்கள் என்பதே என் எண்ணம். சித்தப்பா அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, செருப்பைத் தேடினார்.

மூன்றாவது இரவு இறுதியாட்டம்; அதில்தான் கடை என் மதிப்பில் சறுக்கியது. இந்தியா வென்றால் எல்லோருக்கும் பாயாசம் இலவசம் என்று வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். எந்த அணிக்கும் கத்தலாம் என்று உள்ளே பலகை, ஓர் அணிக்கு மட்டும் பாயாசம் என்று வெளியே பலகை. பாகிஸ்தானுக்காக வந்திருந்த சோனகத்தெரு நண்பர்கள் இருவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். அது நல்ல சிரிப்பு அல்ல. இந்தியா ஐந்து விக்கெட்டுகளால் வென்றது. ஆசியத் துடுப்பாட்டப் பேரவையின் தலைவரும் பாகிஸ்தானின் அமைச்சருமான மொஹ்சின் நக்வியின் கையால் கிண்ணம் வாங்க மறுத்து, வெறுங்கையில் கிண்ணம் இருப்பதுபோல் வீரர்கள் தூக்கிக் காட்டியபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. பாயாசம் வந்தது, சவ்வரிசி வேகவில்லை. அந்த நண்பர்களுக்கும் ஒரு கிண்ணம் கொண்டுபோய் வைத்தார் அண்ணை; அவர்கள் சாப்பிட்டார்கள். மறுநாள் அந்த எழுத்து அழிக்கப்பட்டிருந்ததைக் கடந்து போகும்போது கண்டேன்.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முற்பதிவுக்கு ஒருவருக்கு 300 ரூபா வாங்குகிறார்கள், சாப்பாட்டில் கழித்துவிடுகிறார்கள். ஆனால் 26ஆம் திகதி நான் பதிந்திருந்த இரண்டு கதிரைகளில் வேறு இருவர் இருந்தார்கள், பிளாஸ்டிக் கதிரை போட்டுச் சமாளித்தார்கள், மன்னிப்புக் கேட்கவில்லை. பெண்கள் வருவது கூடியிருக்கிறது, கழிவறை ஒன்றே ஒன்று, அதன் தாழ்ப்பாளுக்குப் பதிலாகக் கயிறு. பால்த்தேநீர் இனிப்பு மிகை. உள்ளூர் ஆட்டங்களையும், வலைப்பந்தையும், மெய்வல்லுனர் போட்டிகளையும் காட்டுவதாகச் சுவர் சொல்கிறது; நான் போன மூன்று நாளும், போகாத நாட்களைப் பற்றிக் கேட்டபோதும், துடுப்பாட்டமும் உதைபந்தும் மட்டுமே. தர்ஜினியைச் சுவரில் மாட்டிவிட்டு அவர் ஆடிய விளையாட்டைத் திரையில் போடாமல் இருப்பது சரியில்லை.

போகிறவர்கள் எட்டு மணி ஆட்டத்துக்கு ஏழு மணிக்கே போய்விடுங்கள். இடப்பக்கம் மூன்றாவது வரிசை நல்ல இடம். மின்விசிறி நேரே படும், பக்கத்து வீட்டுச் சத்தமும் குறைவு. மிதிவெடியை முதல் பத்து ஓவருக்குள் வாங்கிவிட வேண்டும், பிறகு முடிந்துவிடும். கொத்து வேண்டுமென்றால் பதினைந்தாவது ஓவருக்கு முன் சொல்லுங்கள். தண்ணீர்ப் போத்தலை வீட்டிலிருந்து கொண்டுபோவது நல்லது.